வருகிறேன் என்று சொன்னவர்கள்

கம்பிக்கு ஒரு குணம் உண்டு. இருந்தால் படம் வரும், அறுந்தால் வராது. நடுவில் நின்றுகொண்டு கதை சொல்லாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வாடிக்கையாளர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் கேட்கிறார்கள்? சுவரெல்லாம் ஓட்டை போட வேண்டாம், கம்பி இல்லாததாகவே மாட்டிவிடுங்கள் என்பார்கள். மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் கேமராக்கார அம்மணி என்றால்தான் என்னைத் தெரியும். அம்சவேணி என்ற பெயர் கடைப் பலகையோடு சரி.

கம்பியில்லாக் கேமராவின் சங்கதி வேறு. அது காற்றில் படம் அனுப்புகிறது. மழை அடித்தால், மரம் ஆடினால் படம் அறுந்துபோகும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் திரை கறுப்பாகிவிடும், வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். சில வருடமாக வருகிற பதிவுப் பெட்டிகள் கறுப்பு விடுவதில்லை. ஒரு வீட்டில் யார் எப்படி நடப்பார்கள், எந்நேரம் எங்கே இருப்பார்கள் என்று பெட்டி பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. படம் அறுந்தால், இந்நேரம் இப்படித்தான் இருக்கும் என்று அதுவே வரைந்து காட்டிவிடும். வரைந்த படம் என்பதற்கு அடையாளமாக மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். கம்பெனி இதற்குப் பெரிய பெயர் ஏதோ வைத்திருக்கிறது. நாங்கள் ஒட்டு என்போம். கிழிந்த வேட்டியில் போடுகிற ஒட்டுதான்.

பெட்டிக்குக் காதும் உண்டு. வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஒட்டு சரியாக விழும் அல்லவா? அதனால் பேச்சுக்கு நடுவே 'வருகிறேன்' என்ற சொல் வந்தால் பொறுக்கி வைத்துக்கொள்ளும். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, இவர் வரவேண்டியவர் என்று நினைவில் போட்டுக்கொள்ளும். ஆள் வந்து சேரும்வரை மறக்காது. இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் ஊரில் கிளம்புகிறவன் போகிறேன் என்பான் போலிருக்கிறது. நாம் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதானே வருகிறேன் என்கிறோம்.

இதனால் நடந்த கூத்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிணத்துக்கடவில் ஒரு வீட்டு மாப்பிள்ளை மாமனாரோடு சண்டை போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே "வர்றனுங்க" என்று கிளம்பியிருக்கிறார். எவ்வளவு கோபம் இருந்தாலும் போகிறேன் என்று சொல்ல வாய் வராது நம் ஆட்களுக்கு. அன்றைக்குப் பொழுது சாய நல்ல மழை. திரையில் மாப்பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். மாமியார் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். மாப்பிள்ளையோ திருப்பூரில் யாரிடமோ மாமனாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பெட்டியிடம் நான்தான் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணினேன். அது, குறித்து வைத்த குரலை ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு, 'வந்துவிட்டாரா?' என்று கேட்கும். 'வந்துவிட்டார்', 'இன்னும் இல்லை' என்று இரண்டே பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால்தான் அந்த ஆளை விடும். வரமாட்டார் என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

சிரிக்க முடியாத கதை ஒன்றுதான் உண்டு. அது தெய்வசிகாமணி அண்ணன் வீட்டுக் கதை.

ஆனைமலை போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி அவருடைய தென்னந்தோப்பு. வீடு தோப்புக்கு நடுவே, வெளிக் கேட்டு அங்கிருந்து தள்ளி, வாய்க்கால் ஓரத்தில். வீட்டில் பல வருடமாகவே நாலு கம்பிக் கேமராக்கள் இருந்தன. கூடத்தில் ஒன்று, போர்டிகோவில் ஒன்று, மாடு கட்டுகிற கட்டுத்தரையிலும் மோட்டார் ரூமிலும் ஒவ்வொன்று. தேங்காய் திருடு போகிறது, கேட்டிலும் வேலியிலும் கேமரா வேண்டும் என்று ஆவணியில் கூப்பிட்டார். கேட்டு வரைக்கும் கம்பி இழுத்தால் ஒரு உழவுக்குத் தாங்காது. வேறு வழியில்லாமல் கம்பியில்லாத இரண்டைப் பழைய பெட்டியோடு சேர்த்தேன். அதுவும் காதும் ஒட்டும் உள்ள ரகம்தான்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பது ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. எல்லாப் பேச்சும் நாய் வழியாகத்தான் நடந்தது. "சீசர், சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பார் பூங்கொடி அக்கா. "வர்றன்னு சொல்லு சீசர்" என்பார் அண்ணன். சீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

செழியன், அவர்களுடைய ஒரே பையன். பெங்களூரில் வேலையில் இருந்தவன், அந்த வேலையை இயந்திரங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் திரும்பியவன். சில மாதம் யாரிடமும் பேசாமல் வீட்டிலேயே இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வாய்க்காலில் கிடைத்தான். மழையில் பாதை வழுக்கியதா, இல்லை அவனாகவே போனானா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அக்கா அவனுக்காகத்தான் மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

நான் ஏணியில் நின்று திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றுமே கேட்காமல் அண்ணனே சொன்னார். "'வர்றன்'னு சொல்லீட்டுத்தான் போனானுங்க அம்மணி. போறவன் அப்படிச் சொல்லுவானுங்களா? தடம் வழுக்கியிருக்குது." உள்ளே ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது; அக்கா அதை நம்பவில்லை.

அக்கா பிறகு என்னிடம் பேசினார். அவன் சாவைப் பற்றி இல்லை, அவன் குரலைப் பற்றி. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குரலாம். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் யார் பேசுவது என்று கேட்டுவிட்டுத்தான் சங்கதிக்கே வருவார்களாம்.

"எனக்கு மட்டும் கொழம்புனதே இல்லீங்க. இவங்க, அவங்கப்பா, 'வர்றன்'பாங்க. அவனும் சின்னதுல அப்படித்தான். பெங்களூரு போனதும் 'வரேம்மா, வரேம்மா'ன்னு ஆயிட்டான். ஏன்டா, பாதி எழுத்த பஸ்ஸுலயே உட்டுட்டு வந்துட்டியான்னு கேப்பேன். கடைசி வரைக்கும் அது அவன் வாய்க்குத் திரும்பவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

ஐப்பசி மழை பிடித்ததும் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றமே இல்லை. "உங்க கேமராவுல என்ற பையன் வர்றானுங்க அம்மணி" என்றார்.

மூலையில் மஞ்சள் புள்ளி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பொழுது சாயும் நேரத்தில் மழை வந்தால் கேட்டுப் படம் ஒரு நிமிடம் நின்று, பிறகு அவன் நடந்து வருகிறானாம். வந்து, கேட்டுக்கு உள்ளே நின்று காலைத் துடைக்கிறானாம். அங்கே மிதியடி எதுவும் கிடையாது, வெறும் மண்தான். பெட்டி அவன் வீடு திரும்பியதை போர்டிகோவில் மட்டுமே பார்த்திருக்கிறது. அங்கே மிதியடி உண்டு. கேட்டில் அவன் எப்படி வருவான் என்று தெரியாததால் தெரிந்ததை வைத்து ஒட்டியிருக்கிறது.

"நான் ஒண்ணும் பைத்தியமில்லீங்க. போனவன் போனவந்தான். அது எதுக்கு அவனக் காட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதுக்குக் காது இருக்குதுங்க்கா. 'வருகிறேன்'னு யாரு சொன்னாலும் குறிச்சு வெச்சுக்கும். அப்படிச் சொன்னவங்களத்தான் வரையும்."

"சொல்லாதவங்கள வரையாதா?"

"வரையாதுங்க்கா."

இத்தனை நாள் கம்பிக் கேமராவில் ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

"கம்பியில ஓட்டை விழாதுங்க்கா. ஒட்டுப் போட வேலையே வரல. அது பாட்டுக்கு அவன நெனப்புல வெச்சுக் காத்துட்டே இருந்திருக்குது."

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாங்க்கா."

நாளைக்கே வந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவே கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்றுதான் நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டது வேறு. பையன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான், திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனான் என்று, நான் அவருக்கு அத்தாட்சி கொடுத்துவிட்டேன்.

கார்த்திகையில் அண்ணன் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். மழை என்றால் அவள் குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நிற்கிறாள், பக்கத்திலேயே வாய்க்கால், எனக்குப் பயமாக இருக்கிறது, வந்து அந்தப் பையனைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

நான் போய்ச் சேரும்போது வானம் மூட்டமாக இருந்தது. போர்டிகோவில் ஏறும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. "ஏனுங்க, கேமராக்கார அம்மணி வந்திருக்காங்க. டீ உங்களுக்கும் வெக்கட்டுங்களா?" என்று அக்கா கேட்கிறார். "வெய்யி" என்கிறார் அண்ணன். சீசர் வேலையில்லாமல் மூலையில் படுத்திருந்தது. இரண்டு வருடத்துப் பொய்யன் என்று அக்கா ஒதுக்கி வைத்திருந்த மனிதர், பெட்டியின் புண்ணியத்தில் யோக்கியர் ஆகிவிட்டிருந்தார். யோக்கியரான மனிதர் முகத்தில் அதற்கான மலர்ச்சியைத்தான் காணோம். முன்னைக்கு இப்போது இளைத்துப் போயிருந்தார்.

தூறல் ஆரம்பித்ததும் அக்கா குடையை எடுத்தார். நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீங்கள் இங்கிருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூடத்துத் திரைக்கு முன்னால் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். தோப்புக்குள் மழை இறங்கியது. மட்டைகள் நனைந்து ஆட ஆட கேட்டுப் படம் திணறியது. கடைசியாக வந்த உண்மையான படத்தில் அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் புள்ளி வந்தது. அவன் நடந்து வந்தான். கொஞ்சம் கூன் போட்ட நடை, முழங்கை வரை மடித்த சட்டை. அக்காவின் குடைக்குப் பக்கத்தில் நின்று, வெறும் மண்ணில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்தான். பிறகு இருவரும் சேர்ந்து வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அங்கே உண்மையில் அக்கா ஒருவர்தான் நனைந்துகொண்டு நின்றார் என்று தெரிந்தும், நான் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா ஈரத்தோடு வந்து, நேராக விஷயத்துக்கு வந்தார். "அம்மணி, அவன் சொன்னத அது வெச்சிருக்குமுன்னு போன்ல சொன்னீங்கள்ல? அந்த ஒரு வார்த்தைய அவன் கொரல்ல நான் கேக்கோணும். கேட்டுட்டா, நீங்க எதை வேணா எடுத்துக்கங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் என்னை அவசரமாக வரவழைத்தது வாய்க்காலுக்குப் பயந்து மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மழை விட்டால்தான் பெட்டியைத் திறக்க முடியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அக்கா ஈரப்புடவை மாற்றப் போனதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, செழியன் பெயரைத் திறந்து, குரலைப் போட்டேன்.

முதலில் பையன். "போறேன்ப்பா." அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைப்பது போலச் சொன்னான்.

பிறகு அண்ணன். "போறேன்னு சொல்லாத சாமி. வர்றன்னு சொல்லு."

எந்த வீட்டில் இது சொல்லப்படவில்லை? என் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள், என் மகளிடம் நான் சொல்கிறேன். கம்பிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பதில் இல்லை. காலடி தேய்ந்து போயிற்று. பிறகு அண்ணன் இன்னொருமுறை, குழந்தைக்குப் பேச்சுப் பழக்குவது போல, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

"வர்றன்."

வண்டி கிளம்பியது. பதிவு அங்கே முடிந்துவிட்டது.

அப்பன் குரலும் மகன் குரலும் ஒன்றுபோல் இருந்ததால், பெட்டி அந்தச் சொல்லை மகன் கணக்கில் எழுதிக்கொண்டது. அவன் வருவான் என்று காத்திருந்தது. மழை வரும்போதெல்லாம் அவனை வரைந்தது. எனக்கு அந்தக் கருவியை எடுத்து வாய்க்காலில் வீச வேண்டும் போல இருந்தது.

அண்ணன் மோட்டார் ரூம் பக்கம் போயிருந்தார். நானும் போனேன். நான் கேட்டுவிட்டேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு அவன் மொகமே சரியில்லீங்க. எந்திரிச்சுப் போயி கையப் புடிச்சிருந்தா நின்னிருப்பான். மட்டை விழுந்து கால்ல கட்டு, நடக்க முடியல. வாயாலதான் புடிச்சுப் பாத்தனுங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்? நீ பெத்தவன் வர்றன்னு சொல்லக்கூட மனசில்லாமப் போனான்னா? அதுக்குப் பதிலா என்னையப் பொய்யன்னு நெனச்சாப் பரவாயில்லைன்னு இருந்தேன். இப்ப அந்தப் பெட்டி வந்து என்னைய உண்மையாக்கிப் போடுச்சு. அவ பேசறாளுங்க அம்மணி. நாயக் கூப்பிடாம, என்னையப் பாத்துப் பேசறா."

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. தொழிலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு, பதிவில் கை வைப்பதில்லை. அன்றைக்கு வைத்தேன். கடைசியில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். முன்னும் பின்னும் இருந்ததை என் கையாலேயே அழித்தேன்.

கூடத்தில் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை குறைந்திருந்தது. அண்ணன் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். கொஞ்சம்தான் இருக்கிறது அக்கா, பழைய பதிவு, மற்றதெல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு நான் குரலைப் போட்டேன்.

"வர்றன்."

அக்கா இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவந்தான்" என்றார் அக்கா. "என்ற பையந்தான்." பிறகு எழுந்தார். "ஏனுங்க, ஈரக் காலோட நிக்காம உள்ள வாங்க. தோசை ஊத்தறேன்."

அண்ணன் உள்ளே வந்தார். முகத்தைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அக்கா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்துவிட்டேன். பொய் சொன்னாலும் நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அக்கா என்னை வழியனுப்ப கேட்டு வரைக்கும் நடந்து வந்தார். தோப்புக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வந்ததும் நின்று, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க அம்மணி."

எதை என்று கேட்டேன்.

"நாந்தான் உங்ககிட்டச் சொன்னனே. அவன் 'வரேன்'பான். 'வர்றன்'னு சொல்றது இவங்க." அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஊருக்குக் கொழம்பும், பெட்டிக்குக் கொழம்பும். பெத்தவளுக்குமா?"

பஸ்ஸில் பாதி எழுத்தை விட்டுவிட்டு வந்தவன் என்று ஆவணியில் இதே வாய்தான் எனக்குச் சொன்னது. டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுவிட்டு மறந்துபோயிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குங்க? எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. ரெண்டு வருசமா, இந்த மனுசன் அவன் போறதப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு, அத மறைக்கப் பொய் சொல்றாருன்னு நெனச்சுட்டு இருந்தேன். போறேன்னு ஒருத்தன் சொன்னா, நம்ம வீட்டுல என்ன சொல்லுவோம்? வர்றன்னு சொல்லு சாமின்னுதான சொல்லுவோம்? சொல்லியிருக்காரு. கெஞ்சியிருக்காரு. அந்தக் கொரலக் கேட்டாத் தெரியுதுங்களே. அவன் சொல்லாமப் போன வார்த்தைய இவங்க தூக்கிச் சொமந்துட்டு அலைஞ்சிருக்காங்க. அதுக்கு நான் நாய உட்டுப் பேசுனேன்."

அப்போதுதான் அவர் அழுதார். சத்தம் இல்லாமல், நின்றபடியே, கேட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மகன் வருகிறேன் என்று சொல்லவில்லை என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் முடிவாகத் தெரிந்தது. அந்த அழுகையில் எவ்வளவு யாருக்கு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெரிஞ்சா மறுபடியும் ஒடைஞ்சு போவாரு. இப்ப அவன எடுத்துருங்க. மழையில நின்னு நின்னு கால் தொடைக்கறான், பாவம்."

போனில் பெட்டியைத் திறந்தேன். செழியன் பெயருக்கு நேரே அந்தக் கேள்வி வந்தது. வந்துவிட்டாரா? கீழே இரண்டு பொத்தான்கள். நான் கம்பெனியிடம் கேட்ட மூன்றாவது பொத்தான் இன்னும் வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்துப் படித்தார்.

"வேற இல்லீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். இதை நானே அழுத்திவிடுகிறேன் என்றேன். அவர் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஈர விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, 'வந்துவிட்டார்' என்பதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தார். பிறகு அழுத்தினார்.

"வந்துட்டான்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் வண்டியைக் கிளப்பாமல் போனிலேயே போர்டிகோ கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கம்பிக் கேமரா, ஒட்டுப் போடாது. மறுபடியும் தூறியது. அக்கா படியேறினார். மிதியடியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்தார், பையன் துடைத்த அதே மாதிரி. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஒரு துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

கேட்டுக் கேமராவுக்கு மாறினேன். மழையில் படம் அறுந்து, மூலையில் மஞ்சள் புள்ளி வந்திருந்தது. சாத்திய கேட்டும் ஈர மண்ணும் மட்டும் இருந்தன. வரவேண்டியவர்கள் யாரும் பாக்கியில்லை.